மூணாற்று ஆவணங்களும் பிடிஎஃப் இணைப்பும்

பல பிடிஎஃப் கோப்புகளை ஒரே கோப்பாக்குவது, தனித்தனித் தாள்களை அடுக்கி ஓர் ஓரத்தில் குத்தூசி அடிப்பதைப் போன்ற வேலையாகவே வெளியிலிருந்து தெரிகிறது. இணையத்தில் ஒரு தளத்தைத் திறந்து, கோப்புகளை ஏற்றி, 'மெர்ஜ்' பொத்தானை அழுத்தினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த அரை நிமிடத்தில் பக்கங்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆனால் அவற்றோடு ஒட்டியிருந்த மின்கையொப்பம், நிரப்பிய படிவத்தின் விவரம் போன்றவை வழியிலேயே உதிர்ந்துவிடலாம். கோப்புகள் எந்தக் கணினியில் வைத்து இணைக்கப்பட்டன என்பதும் பெரும்பாலும் பயனருக்குத் தெரிவதில்லை. அரசு அலுவலகங்கள் விண்ணப்பங்களை இணையத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகு, ஆவணங்களைக் கொண்டே தம் இருப்பை நிறுவவேண்டியிருக்கும் மக்களுக்கு இது சிறிய விஷயமாக இல்லை. மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அப்படிப்பட்டவை.

இத்தனை தாள்கள் ஏன்?

மூணாறு அமைந்திருக்கும் கண்ணன் தேவன் மலைப்பகுதியை 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜே. டி. மன்றோ பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்தது பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து. அவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்றும் எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களில் வசிக்கிறார்கள். லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாடு ஆவண விஷயத்தில் ஒரு குறையை உண்டாக்கியது. கேரளத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பம் வில்லேஜ் ஆபீசில் எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் முதலில் நீட்டுவது நிலவரி கட்டிய ரசீதைத்தான். அந்த ஒரே தாள் ஊரையும் குடும்பத்தையும் காலத்தையும் ஒருசேரக் காட்டிவிடும். தோட்டத் தொழிலாளியிடம் அது கிடையாது. ஆகவே ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, எஸ்டேட் அலுவலகம் கொடுத்த சேவைச் சான்று, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று சின்னச் சின்னத் தாள்களைச் சேர்த்துத்தான் அந்த ரசீது சொல்வதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இணைத்த பிடிஎஃப் கோப்பு ஒன்று இங்கே வெறும் வசதியாக மட்டும் இருப்பதில்லை. சிதறிக் கிடக்கும் சான்றுகளை ஒரு வாதமாகக் கோத்துக் காட்டும் வேலையையும் அதுவே செய்கிறது.

சாதிச் சான்றிதழ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்தது. வேறு மாநிலத்திலிருந்து அதன் பிறகு குடிபெயர்ந்த குடும்பத்தின் தகுதி, பூர்வீக மாநிலத்தோடு சேர்த்துத்தான் பார்க்கப்படுகிறது. கேரளத்தில் தகுதி பெற, முன்னோர் அந்த நாளிலேயே இங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். 2021-இல் நடந்த தேவிகுளம் தனித்தொகுதித் தேர்தலில் வென்றவரின் சாதித் தகுதி பற்றிய வழக்கில், குடியேறிய காலத்தையும் மதத்தையும் பற்றிய பழைய பதிவேடுகளே இரு தரப்பின் ஆயுதங்களாக இருந்தன. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை விலக்கியது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்த நிலை என்றால், பிளஸ் டூ முடித்து 'ஈ-கிராண்ட்ஸ்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவியிடம் பாட்டியின் எஸ்டேட் பதிவு வரை கேட்கப்படுவதில் வியப்பில்லை.

தாள்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்கு நிர்வாக வரலாறும் ஒரு காரணம். இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்றுதான் உருவானது. அதற்கு முன் தேவிகுளம் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. அதனால் 1965-இல் மூணாற்றில் பிறந்தவரின் சான்றில் கோட்டயம் என்றிருக்கும். அவர் தம்பி 1975-இல் பிறந்திருந்தால் அதில் இடுக்கி என்றிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதைதான். தேனி 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்தது. தூத்துக்குடி 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. தென்காசி 2019-இல் பிரிந்தது. ஒரே கிராமத்தின் பெயர் தாத்தாவின் தாளில் ஒரு மாவட்டத்திலும் பேரனின் தாளில் வேறு மாவட்டத்திலும் வருகிறது. பெயர்கள் தமிழிலிருந்து மலையாளத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போகும்போது எழுத்து மாறுகிறது. ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும் மாறி மாறித் தலைப்பெழுத்தாகின்றன. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று வில்லேஜ் ஆபீஸ் கொடுக்கும் 'ஒன் அண்ட் தி சேம்' சான்றிதழுக்கு மூணாற்றில் இவ்வளவு தேவை இருப்பது இதனால்தான்.

தொகுப்பில் தாள்களின் வரிசை இங்கே பொருள் பெறுகிறது. விண்ணப்பதாரரின் அடையாள அட்டை, பிறகு பெற்றோருடன் உறவைக் காட்டும் சான்று, பிறகு பெற்றோரின் தாள்கள், பிறகு தாத்தா பாட்டியின் எஸ்டேட் பதிவு என்று தலைமுறைப்படி அடுக்கினால், பார்க்கும் அதிகாரி படிப்படியாக ஏறிப் போக முடியும். பெயர் மாறுகிற இடத்தில் 'ஒன் அண்ட் தி சேம்' சான்றிதழைச் செருக வேண்டும். அதைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால், ஆறாம் பக்கத்தில் எழும் ஐயத்துக்கு இருபதாம் பக்கத்தில்தான் விடை கிடைக்கும். பெரும்பாலான இணையக் கருவிகள் கோப்புகளை ஏற்றிய வரிசையிலோ பெயரின் அகரவரிசையிலோதான் அடுக்கும். பெயரின் தொடக்கத்தில் 01, 02, 03 என்று எண் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. 1, 2, 10 என்று கொடுத்தால் சில கருவிகள் 10-ஐ 2-க்கு முன்னால் கொண்டுவந்துவிடும்.

கோப்பின் உள்ளே

பிடிஎஃப் வடிவம் அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991-இல் தொடங்கிய 'கேம்லாட்' திட்டத்திலிருந்து பிறந்தது. முதல் பதிப்பு 1993-இல் வந்தது. எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 2008-இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமானது. வடிவத்தின் விவரக்குறிப்பு அதற்கு முன்பே வெளியாகியிருந்ததால் மற்றவர்களும் பிடிஎஃப் கருவிகளைச் செய்ய முடிந்தது. இன்று இணையம் முழுக்க இலவச இணைப்புத் தளங்கள் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோப்புக்குள் பக்கங்கள் புத்தகத்தைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே இருப்பவை எண்ணிட்ட பொருள்கள். ஒரு பக்கம் ஒரு பொருள், அதில் வரும் படம் இன்னொன்று, எழுத்துரு மற்றொன்று. "இந்தப் பக்கத்துக்கு 7-ஆம் பொருளில் உள்ள எழுத்துருவும் 9-ஆம் பொருளில் உள்ள படமும் வேண்டும்" என்ற வகையில் அவை ஒன்றையொன்று எண்ணால் சுட்டுகின்றன. கோப்பின் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. எந்தப் பொருள் கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை அது சொல்கிறது. பிடிஎஃப் திறக்கும் மென்பொருள் கோப்பின் வாலிலிருந்துதான் படிக்கத் தொடங்கும். வாலில் அட்டவணையின் இருப்பிடத்தை அறிந்து, அங்கிருந்து மூலப்பொருளுக்கும், அதிலிருந்து பக்கங்களின் மரத்துக்கும் போகும்.

இரண்டு கோப்புகளின் பைட்டுகளை அப்படியே ஒட்டவைத்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்து தெளிவாகும். மென்பொருள் வாலைப் படிக்கும். அங்கே இரண்டாவது கோப்பின் அட்டவணை மட்டுமே இருக்கும். அந்த அட்டவணை சொல்லும் இடங்களும், முன்னால் வேறொரு கோப்பு ஒட்டப்பட்டதால், நகர்ந்து போயிருக்கும். சில மென்பொருள்கள் பிழை என்று நின்றுவிடும். சில தாமாகச் சீர்செய்து இரண்டாவது கோப்பை மட்டும் காட்டும்.

ஆகவே இணைப்பான் உண்மையில் புதிதாக ஒரு கோப்பையே எழுதுகிறது. ரேஷன் கார்டின் கோப்பில் 30 பொருள்கள், பள்ளிச் சான்றிதழின் கோப்பில் 40 பொருள்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டிலுமே 7-ஆம் பொருள் உண்டு. இரண்டாவது கோப்பின் 7-ஐ 37 ஆக்க வேண்டும். அதைச் சுட்டும் எல்லா இடங்களிலும் 37 என்று திருத்த வேண்டும். இரண்டு பக்க மரங்களையும் ஒரே வேரின் கீழ் கொண்டுவர வேண்டும். பக்கத்தின் அளவு, எந்தப் பக்கம் திருப்பி வைப்பது போன்ற சில பண்புகள் பக்கத்திலேயே எழுதப்படாமல் தாய்க் கிளையில் எழுதப்பட்டிருக்கலாம். பக்கத்தைப் பிடுங்கி வேறு மரத்தில் நடும்போது இணைப்பான் அவற்றைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் நிமிர்ந்திருந்த சான்றிதழ் இணைத்த கோப்பில் படுத்துக் கிடக்கும். இவ்வளவும் முடிந்தபின் புது அட்டவணை எழுதப்படுகிறது. கியூபிடிஎஃப், பிடிஎஃப்டிகே, பிடிஎஃப்சாம் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செம்மையாகச் செய்துவருகின்றன.

படிவங்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிரப்பக்கூடிய பிடிஎஃப் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். ஒரே பெயருள்ள கட்டங்கள் ஒரே கோப்பில் இருந்தால் அவற்றை ஒரே கட்டமாகவே கொள்ள வேண்டும் என்பது பிடிஎஃப் விதி. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே படிவத்தைத் தனித்தனியாக நிரப்பி இரண்டையும் இணைத்தால், கவனமில்லாத கருவியில் இரண்டு படிவத்திலும் ஒரே பெயர் வந்து நிற்கும். இணைப்பதற்கு முன் படிவத்தை 'பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாகச் சாதாரணப் பக்கமாக மாற்றிவிட்டால் இது நேராது.

மின்கையொப்பம் உடையும் இடம்

இணைப்பில் ஏற்படும் மிகப் பெரிய இழப்பு மின்கையொப்பம். கேரளத்தில் சான்றிதழ்களை இணையவழி தரும் மின்மாவட்டத் திட்டம் பாலக்காடு, கண்ணூர் மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கிப் பின் மாநிலம் முழுவதும் பரவியது. வருமானச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் இப்போது மின்கையொப்பமிட்ட பிடிஎஃப் ஆகவே வருகின்றன. தமிழ்நாட்டு இ-சேவைச் சான்றிதழ்களும் அப்படித்தான். ஆதார் இணையத்தில் தரும் இ-ஆதாரிலும் மின்கையொப்பம் உண்டு.

மின்கையொப்பம் என்பது பக்கத்தில் தெரியும் கட்டமோ டிக் குறியோ அன்று. கோப்பின் பைட்டுகள் அனைத்தையும், கையொப்பம் அமரும் சிறு இடத்தை மட்டும் விட்டுவிட்டு, கணித முறையில் சுருக்கி ஒரு எண்ணாக்கி, அதிகாரியின் ரகசியத் திறவுகோலால் பூட்டி வைப்பதுதான் கையொப்பம். பிறகு யாராவது ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கணக்கு பொருந்தாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இந்தக் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பைக் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர்தான் நாட்டில் இந்த நம்பிக்கைச் சங்கிலியின் வேர்.

இணைப்பான் பொருள்களுக்கு மறுஎண் கொடுத்து, அட்டவணையை மாற்றி எழுதும் கணத்தில், கையொப்பமிட்ட பைட்டுகள் அந்த வடிவில் இல்லாமல் போகின்றன. பல கருவிகள் கையொப்பத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு அதன் தோற்றத்தை மட்டும் பக்கத்தில் விட்டுவைக்கின்றன. கண்ணுக்கு அதிகாரியின் பெயரும் தேதியும் முன்போலவே தெரியும். பின்னால் சரிபார்க்க எதுவும் இருக்காது. சான்றிதழில் மஞ்சள் கேள்விக்குறியோடு 'சிக்னேச்சர் நாட் வெரிஃபைடு' என்று வருவதைப் பார்த்து, சான்றிதழே போலி என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தக் கணினி இந்திய வேர்ச் சான்றை நம்பும்படி இன்னும் அமைக்கப்படவில்லை என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். மூலக் கோப்பில் அதைச் சரிசெய்துவிடலாம். இணைத்த கோப்பில் அந்தக் கேள்விக்குறி வெறும் படமாகிப்போனதால் எப்போதும் அப்படியே நிற்கும்.

இதனால் மூணாற்றில் எவரும் இணைக்கவே கூடாது என்று ஆகிவிடாது. விண்ணப்ப நிலையில் அலுவலகம் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சான்றிதழ் எண்ணைக் கொண்டு மின்மாவட்டத் தளத்திலேயே சரிபார்க்கிறது. அந்த எண்ணும் கியூஆர் குறியும் இணைப்பில் சிதைவதில்லை. ஆனால் நீதிமன்றத்திலோ வேறு மாநில அலுவலகத்திலோ கையொப்பத்தையே சரிபார்க்க நேர்ந்தால் மூலக் கோப்புதான் கைகொடுக்கும். ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு அதன் நகலை இணைப்பதே முறை. பிடிஎஃப் ஒன்றுக்குள் வேறு கோப்புகளை அப்படியே இணைப்பாகப் பொதித்து வைக்கும் வசதியும் உண்டு. அப்படிப் பொதித்தால் ஒரு பைட்டும் மாறாது, கையொப்பம் பிழைக்கும். கைப்பேசிச் செயலிகள் பலவும் அத்தகைய இணைப்புகளைக் காட்டுவதில்லை என்பதால் அரசுத் தளங்களில் இந்த வழி பயன்படுவது அரிது.

இ-ஆதாருக்குக் கடவுச்சொல்லும் உண்டு. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதன்பின் பிறந்த ஆண்டு. மறைக்குறியாக்கிய கோப்பை பிடிஎஃப்யுனைட் போன்ற கருவிகள் இணைக்க மறுத்துவிடும். இணையத் தளங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். கடவுச்சொல்லைக் கொடுத்து இணைத்தால் வெளிவரும் கோப்பில் பூட்டு இருக்காது. ஆதார் எண் முழுதும் திறந்த நிலையில் அந்தத் தொகுப்போடு ஊர் சுற்றும். கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் மறைத்த ஆதாரை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. தொகுப்பில் சேர்ப்பதற்கு, அலுவலகம் ஏற்கும் இடங்களில், அதுவே பொருத்தமானது.

கோப்பு எங்கே போகிறது

இணைய இணைப்புத் தளங்கள் இரு வகை. முதல் வகையில் கோப்புகள் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே இணைக்கப்பட்டுத் திரும்பி வருகின்றன. பார்சிலோனாவில் 2010-இல் தொடங்கிய ஐலவ்பிடிஎஃப், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஸ்மால்பிடிஎஃப் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. ஏற்றிய கோப்புகளைக் குறித்த நேரத்தில் அழித்துவிடுவதாக இவை அறிவிக்கின்றன. இரண்டாவது வகையில் தளம் ஒரு நிரலை மட்டும் உலாவிக்குள் இறக்குகிறது. இணைப்பு பயனரின் கணினியிலேயே நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களும் வெப்அசெம்பிளி நுட்பமும் வளர்ந்தபின் இவை பெருகின. இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தளம் முழுதாகத் திறந்தபின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு இணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் வேலை நடந்தால் கோப்பு கணினியை விட்டு வெளியே போகவில்லை. எடமலைக்குடி போலத் தொடர்பு விட்டுவிட்டு வரும் மலைப்பகுதிகளுக்கும் இந்த இரண்டாம் வகைதான் ஏற்றது. பல எம்பி கோப்பை ஏற்றி இறக்கும் தொல்லை அதில் இல்லை.

பெயர் தெரிந்த தளங்களைவிட, அவற்றைப் போலவே தோற்றம் காட்டும் பெயர் தெரியாத தளங்களால்தான் ஆபத்து அதிகம். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் இலவசக் கோப்பு மாற்றும், இணைக்கும் தளங்களைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அவற்றுள் சில, கேட்ட வேலையைச் செய்து கொடுத்துக்கொண்டே கணினியில் தீநிரலை இறக்குவதாகவும், ஏற்றிய கோப்பிலிருந்து அடையாள எண்களையும் வங்கி விவரங்களையும் உருவுவதாகவும் அது சொன்னது. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் தாள்களைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கும் கேம்ஸ்கேனரும் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டே அதன் ஆண்ட்ராய்டு பதிப்பில் தீநிரல் இருந்ததைக் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அரசின் தடைக்குக் காரணம் வேறு. ஆனால் ஆவணச் செயலியை நம்பிக் கொடுப்பது எத்தகைய பொருள் என்பதை இரண்டு நிகழ்வுகளுமே நினைவூட்டின.

ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்தின் தொகுப்பில் ஆதார், வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பிறந்த தேதிகள், கையொப்ப மாதிரி எல்லாம் ஒரே இடத்தில் வரிசையாகக் கிடைக்கும். தனித்தனியாகத் திருடப்பட்டால் பயன்படாத துண்டுகள் இணைத்த கோப்பில் ஒரு முழு மனிதராகிவிடுகின்றன. இதனால் இணைக்கும் வேலையைச் சொந்தக் கணினியிலேயே செய்வது நல்லது. கேரள அரசுப் பள்ளிகளின் மடிக்கணினிகளில் கைட் நிறுவனம் தரும் உபுண்டு சார்ந்த இயங்குதளம் இருக்கிறது. உபுண்டுவுக்கான பாப்ளர் தொகுப்பில் உள்ள பிடிஎஃப்யுனைட், இணையமே இல்லாமல் ஒரே வரிக் கட்டளையில் கோப்புகளை இணைத்துவிடும்.

ஸ்கேனும் அளவும்

விண்ணப்பத் தளங்கள் பெரும்பாலும் கோப்பின் அளவுக்கு உச்சவரம்பு வைக்கின்றன. கோப்பு பெரிதாவதற்குக் காரணம் இணைப்பு அன்று, ஸ்கேன். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் எடுத்தால் 2480-க்கு 3508 புள்ளிகள். வண்ணத்தில் சுருக்காமல் வைத்தால் ஒரு பக்கமே ஏறக்குறைய 26 எம்பி. அதையே கறுப்பு-வெள்ளையில், புள்ளிக்கு ஒரு பிட் என்று எடுத்தால் 1 எம்பியைச் சற்றே தாண்டும். ஃபேக்ஸ் காலத்துச் சுருக்க முறையைச் சேர்த்தால் சில பத்து கேபி ஆகிவிடும். ஆகவே தட்டச்சுத் தாள்களைக் கறுப்பு-வெள்ளையிலும், முத்திரையும் புகைப்படமும் உள்ளவற்றை மட்டும் வண்ணத்திலும் எடுத்துப் பிறகு இணைப்பது அறிவுடைமை. எல்லாவற்றையும் வண்ணத்தில் எடுத்து, இணைத்து, கடைசியில் 'கம்ப்ரஸ்' பொத்தானை அழுத்தினால் முதலில் மங்குவது ஏற்கெனவே மங்கலான பழைய முத்திரைதான். 1940-களின் எஸ்டேட் தாளில் வேறெதைவிடவும் அந்த முத்திரைதான் சான்று.

சுருக்கம் எழுத்தையே மாற்றிவிட்ட நிகழ்வும் உண்டு. 2013-இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது சில எண்களை வேறு எண்ணாக மாற்றுவதைக் காட்டினார். 6 இருந்த இடத்தில் 8 வந்தது. காரணம் ஜேபிக்2 என்னும் சுருக்க முறை. ஒரே மாதிரித் தோன்றும் எழுத்துகளை ஒன்றாகப் பாவித்து ஒரே படத்தைப் பல இடங்களில் ஒட்டும் வேலையை அது செய்கிறது. மங்கிய தாளில் 6-ம் 8-ம் அதற்கு ஒன்றாகத் தெரிந்தன. பார்ப்பதற்கு எழுத்து தெளிவாக இருந்ததால் எவருக்கும் ஐயம் வரவில்லை. பிறந்த ஆண்டு 1946-ஆ 1948-ஆ என்பதில் ஓய்வூதியமே தொங்கும் இடத்தில், சுருக்கிய கோப்பை மூலத் தாளோடு எண் எண்ணாக ஒப்பிடுவது வீண் வேலை ஆகாது.

மூன்று மொழிகள், ஒரே கோப்பு

மூணாற்றுத் தொகுப்பில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் வரும். 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மை மொழிப் பகுதிகளில் தமிழர்களும் கன்னடர்களும் தத்தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. ஆனால் கோப்புக்குள் எழுத்து எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்களே. யூனிகோடில் எழுதியதிலும், பிடிஎஃப் எழுத்துரு ஒவ்வொரு வரிவடிவத்துக்கும் நேரான யூனிகோடு எழுத்தைச் சொல்லும் அட்டவணையைக் கொண்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 'தொழிலாளி' என்று தேடினால் கிடைக்காது. இணைப்பு இந்தக் குறைகளைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. உள்ளதை உள்ளபடி கொண்டுவந்து சேர்க்கும்.

ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்தே கிடையாது, படம்தான். நீதிமன்றங்களின் மின்தாக்கலில் தேடக்கூடிய பிடிஎஃப் கேட்கப்படுவதால் எழுத்துணரி கொண்டு அடியில் ஓர் எழுத்துப் படலத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கட்டற்ற டெசராக்ட் எழுத்துணரி தமிழையும் மலையாளத்தையும் படிக்கும். ஆனால் மூன்று மொழிகளையும் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். ஆங்கிலம் மட்டும் போதும் என்று விட்டால் மலையாள வரிகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகப் பதிவாகும். பழைய தாள்களில் இன்னொரு தடையும் இருக்கிறது. மலையாள எழுத்துச் சீர்திருத்தம் 1971-இலும், தமிழில் லை, னை, றா, னா போன்றவற்றை மாற்றிய சீர்திருத்தம் 1978-இலும் வந்தன. அதற்கு முந்தைய எஸ்டேட் கடிதங்களையும் பள்ளிப் பதிவுகளையும் இன்றைய எழுத்தில் பழகிய எழுத்துணரி அடிக்கடி தவறாகப் படிக்கிறது. அத்தகைய பக்கங்களுக்குத் தெளிவான புத்தகக்குறி வைத்து, "பாட்டியின் சேவைச் சான்று" என்பதுபோல் பெயரிட்டுவிட்டால் தேடல் தோற்றாலும் பக்கம் கிடைக்கும்.

பாதுகாத்தல்

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தனர். பிழைத்தவர்களுக்கு உறவுகளோடு தகரப் பெட்டியில் இருந்த தாள்களும் போயின. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு, தொலைந்த சான்றிதழ்களை மறுபடி கொடுக்கச் சிறப்பு அதாலத்துகளை நடத்தியது. கணினிப் பதிவில் இருந்தவை எளிதில் திரும்பக் கிடைத்தன. கணினியில் ஏறாத பழைய எஸ்டேட் தாளைத் திரும்பத் தர எந்த அலுவலகத்தாலும் முடியாது. ஆகவே மழைக்காலம் முழுக்க ஈரம் ஊறும் இந்த மலையில் முதலில் ஸ்கேன் செய்யப்பட வேண்டியவை அவைதான். நீண்டகாலச் சேமிப்புக்கென்றே 2005-இல் பிடிஎஃப்/ஏ என்ற தரம் வந்தது. எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பொதிய வேண்டும், கடவுச்சொல் கூடாது என்பன அதன் விதிகளில் சில. மின்மாவட்டச் சான்றிதழ்களின் மூலக் கோப்புகளை 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரிலோ தனி நினைவகத்திலோ இணைக்காமல் வைக்கலாம். இணைத்த தொகுப்பு அந்தந்த விண்ணப்பத்துக்கான நகல் மட்டுமே.

நடைமுறையில் பெரும்பாலான தொகுப்புகள் அக்‌ஷயா மையங்களில்தான் உருவாகின்றன. 2002 நவம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த அக்‌ஷயா திட்டம் மலப்புறத்தில் முதலில் நடப்புக்கு வந்து, இன்று மலைப்பகுதி வரை அரசுச் சேவைகளின் வாசலாக இருக்கிறது. கொழுந்து கிள்ளி முடித்து வரும் பெண்கள் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து மையத்தின் வாட்ஸ்ஆப் எண்ணுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. படமாக அனுப்பினால் வாட்ஸ்ஆப் அதைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் எடுத்த தெளிவு குறையாமல் போய்ச் சேரும். மையத்தில் இணைத்து ஏற்றி முடித்தபின், அதே கோப்பு டவுன்லோட்ஸ் அடைவிலும், வாட்ஸ்ஆப் உரையாடலிலும், கணினியின் ரீசைக்கிள் பின்னிலும் மூன்று இடங்களில் மிஞ்சியிருக்கக்கூடும். இணைத்த கோப்பைத் தன் கைப்பேசிக்கோ பென்டிரைவுக்கோ பெற்றுக்கொண்டு, ரசீது எண் வந்ததை உறுதிசெய்தபின், இந்த மூன்று இடங்களிலும் அழிக்கச் சொல்லிக் கேட்க விண்ணப்பதாரருக்கு எல்லா உரிமையும் உண்டு.